மூன்றாவது இடி

டைலரக்காவின் கழுத்தில் எப்போதும் ஒரு நூல்வெட்டி தொங்கும். விரல் நீளம்தான் இருக்கும், ஆனால் பிளேடு மாதிரி வெட்டும். குளிக்கும்போது மட்டும்தான் அதைக் கழற்றுவாள் என்று அவள் கணவர் சொல்கிறார். அது அவர் பாடு, நமக்கெதற்கு.

அந்தத் தெருவில் அக்காவின் கடையைத் தெரியாதவர்கள் கிடையாது. பத்துக்குப் பத்து அறை, இரண்டு மெஷின், கால் வைக்கும் இடமெல்லாம் வெட்டுத்துணி. அக்கா தைத்த பொத்தான் அறுந்தது என்று யாரும் திரும்பி வந்ததில்லை. துணி கிழியும், பொத்தான் நிற்கும். எதைக் கட்டினாலும் இரண்டு முடிச்சு, அதன் மேல் காவலுக்கு ஒன்று. கறிகாய்ப் பையின் வாயைக்கூட அப்படித்தான் கட்டுவாள், வீட்டில் யாராலும் அவிழ்க்க முடியாது.

கணவர் கரண்டு வேலை பார்ப்பவர். பேச்சு குறைவு, பயம் அதிகம். முப்பது வருடமாகக் கம்பத்தில் ஏறி இறங்கியவருக்கு என்ன பயம் என்று கேட்டால், "ஏறினவனுக்குத்தான் தெரியும்" என்பார். வீட்டில் பல்பு மாற்றுவதென்றாலும் மெயினை அணைத்துவிட்டு, ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, மர ஸ்டூலில் ஏறுவார். அதற்குள் பக்கத்து வீட்டில் சமையலே முடிந்துவிடும்.

இப்படிப்பட்ட இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏரிக்குப் போய்ப் படகில் மீன் பிடிக்கிறார்கள் என்றால் யார் நம்புவார்கள்? எல்லாம் கண் டாக்டரால் வந்த வினை. பதினோரு வருடத்துக்கு முன் அக்காவின் கண்ணைச் சோதித்தவர், "நாள் பூரா ஊசிக்காதையே பார்த்துட்டிருந்தா கண்ணு என்னத்துக்கு ஆகும்? வாரம் ஒரு நாள் தூரத்தைப் பாருங்கம்மா" என்றார். தூரம் இருக்கிற ஒரே இடம் ஏரி. இரண்டு வாரம் கரையில் உட்கார்ந்து தூரத்தைப் பார்த்தாள். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத கை, மூன்றாவது வாரம் தூண்டிலைப் பிடித்தது.

கழியெல்லாம் அக்காவுக்கு ஒத்துவரவில்லை. நைலான் நரம்பை ஒரு பெரிய நூல்கண்டில் சுற்றிக்கொண்டு, விரலில் வைத்தே பிடிப்பாள். தண்ணீருக்கடியில் நடப்பது விரலுக்குத் தெரியுமாம்.

கணவருக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் மனைவியைத் தனியாகப் படகில் அனுப்ப மனம் வரவில்லை. ஒரே ஒரு நிபந்தனையோடு ஏறினார். "முதல் இடி கேட்டா கரைக்கு வந்துடணும். கெஞ்சக்கூடாது, இன்னும் அஞ்சு நிமிஷம்னு சொல்லக்கூடாது. வீட்டுக் கரண்டுக்கு சுவிட்ச் இருக்கு. அதுக்கு எங்கே இருக்கு?"

அக்கா ஒப்புக்கொண்டாள். கடையில் வாங்கிய மிதவைச் சட்டை அவருக்குத் தொளதொளவென்று இருந்ததால் பிரித்துப் பிடித்துத் தைத்தும் கொடுத்தாள். பதினோரு வருடம் அந்தப் பேச்சை மீறவில்லை. இடித்தால் கரை. காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, கடைசி இடியிலிருந்து அரைமணி நேரம் கழித்துத்தான் அடுத்த வேலை.

நடுவில் ஒரு மாற்றம் வந்தது. கணவருக்குக் காது மந்தமாகிக்கொண்டே போனது. முதலில் ரேடியோவைக் கூட்டி வைத்தார். பிறகு எதிரில் நின்று கத்தினால்தான் கேட்டது. காது மெஷின் வாங்கச் சொல்லி அக்கா மூன்று வருடமாக மன்றாடினாள். "எனக்கு நல்லாதான் கேக்குது, நீங்கள்லாம் வாய்க்குள்ளயே பேசுறீங்க" என்று சாதித்தார் மனிதர். ஆக, இடி கேட்டால் சொல்ல வேண்டியது அக்கா பொறுப்பு என்று ஆயிற்று. பக்கத்தில் இடித்தால் அவருக்கும் கேட்கும். தூரத்து இடி அக்காவுக்கு மட்டும்தான்.

இப்போது மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஏரியில் ஒரு கிழட்டுக் கெண்டை இருக்கிறது. முதுகுத் துடுப்பில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். ஆறு வருடமாக அக்காவின் தூண்டிலுக்குப் பக்கத்தில் வரும், இரையைச் சுற்றி வரும், முகர்ந்து பார்க்கும், குறை கண்டுபிடித்ததுபோல் வாயைக் கோணிக்கொண்டு போய்விடும். அக்கா அதற்கு "மாமனார்" என்று பேர் வைத்திருந்தாள்.

"எங்கப்பாவை எதுக்கு இழுக்கிறே?" என்றார் கணவர், முதல் தடவை.

"அவரும் இப்படித்தானே? என் சமையலை என்னிக்காவது ஒரு வாய் நிம்மதியா சாப்பிட்டிருக்காரா?"

கணவர் இரை டப்பாவை எடுத்து நீட்டினார்.

அந்த மீனை அக்காவைத் தவிர யாரும் பார்த்ததில்லை. கணவர் திரும்புவதற்குள் அது மறைந்துவிடும். நாத்தனாருக்கு இது வசதியாகப் போயிற்று. "அண்ணி, இந்த வாரம் மாமனார் எத்தனை முழம் வளர்ந்திருக்கார்?" என்று வாராவாரம் கேட்டுவிட்டு, தெருவே பார்க்கும்படி சிரிப்பாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த மீனைத் தூக்கிக்கொண்டு போய் இவள் வீட்டு வாசலில் நிறுத்த வேண்டும் என்பது அக்காவுக்கு வைராக்கியமாகவே ஆகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வானம் காலையிலேயே புழுங்கிக்கொண்டிருந்தது. கணவர் காதை மூடும் கம்பளிக் குல்லாய் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார்.

"இந்தப் புழுக்கத்துல இது எதுக்குங்க?"

"ஆங்?"

"குல்லாய்! குல்லாய்!"

"காத்துக்கு."

இலைகூட அசையவில்லை. சரி, வயசாகிறது என்று அக்கா விட்டுவிட்டாள். காரில் ரேடியோ வழக்கத்துக்கு மாறாக மெதுவாகப் பாடியது. ஸ்பீக்கர் போய்விட்டது போல என்று அதையும் விட்டுவிட்டாள். தூண்டில் நினைப்பு வந்துவிட்டால் அவளுக்கு மற்றது எதுவும் கண்ணில் படாது.

மதியம் இரண்டு மணி இருக்கும். பட்டுப்போன மரமொன்று நீரில் நிற்கும் இடத்தில் படகை நிறுத்தியிருந்தார்கள். அக்கா நரம்பின் முனையைப் படகின் பலகையில் கட்டியிருந்தாள், இரண்டு முடிச்சு, மேலே காவலுக்கு ஒன்று. கணவர் எதிரில் உட்கார்ந்து அவித்த முட்டை உரித்துக்கொண்டிருந்தார். விரலில் ஒரு சின்ன இழுப்பு. நின்றது. மறுபடி ஒன்று. அப்புறம் நூல்கண்டு கையில் கிறுகிறுவென்று சுழல ஆரம்பித்தது.

"மாட்டிக்கிட்டார்!" என்று அக்கா போட்ட கூச்சலில் கரையோரத்துப் பறவைகளெல்லாம் எழும்பின. "மாமனார் மாட்டிக்கிட்டார்!"

கணவர் கையில் முட்டையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அக்கா இழுத்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள். அவசரப்பட்டால் அறுந்துவிடும் என்று கைக்குத் தெரியும். கால்மணி நேரத்தில் அவளுக்கும் மீனுக்கும் ஒரு தாளம் அமைந்துவிட்டது. இப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வந்து எவ்வளவு நாளாயிற்று! முதல் மெஷினைத் தவணை முடித்துச் சொந்தமாக்கிய நாளில் வந்ததுதான்.

அப்போதுதான் முதல் இடி கேட்டது. எங்கேயோ மாடியில் யாரோ கட்டிலை இழுப்பதுபோல, அவ்வளவுதான்.

அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் குனிந்து முட்டைக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். ஏரிக்கு அப்பால் இருக்கும் பாலத்தில் லாரி போயிருக்கும் என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தப் பாலத்தில் ஞாயிற்றுக்கிழமை லாரி விடுவதில்லை. அதுவும் அவளுக்குத் தெரியும்.

இரண்டாவது இடிக்கு லாரி, கட்டில் என்றெல்லாம் சாக்குச் சொல்ல முடியவில்லை. மேற்கே மேகம் மை கொட்டியதுபோல ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் மீனும் ஏறிக்கொண்டிருந்தது! படகுக்கு நான்கு முழத்தில் தண்ணீர் பிளந்து, துண்டு போன துடுப்பு ஒரு கணம் தெரிந்தது. இன்னும் ஐந்து நிமிடம். ஐந்தே ஐந்து நிமிடம். அவருக்குக் கேட்கவில்லை. சொன்னால்தானே தெரியும்? யார் வந்து சாட்சி சொல்லப் போகிறார்கள்?

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். தான் தைத்துக் கொடுத்த மிதவைச் சட்டை. நடு ஏரியிலும் ரப்பர் செருப்பு. நீச்சல் தெரியாத மனிதர், மீன் மேல் கண் வைத்து, தன் முட்டையைத் தின்றுவிட்டு அவளுடையதை உப்புப் போட்டு மூடியில் எடுத்து வைத்திருந்தார். பதினோரு வருடமாக இவர் இந்தப் படகில் ஏறுவது ஏரியை நம்பியா? என்னை நம்பித்தானே? அக்காவுக்கு வெட்கமாக இருந்தது.

மூன்றாவது இடி விழுந்ததுதான் தாமதம், அக்கா கத்தினாள். "இடி இடிக்குதுங்க! கரைக்குப் போகலாம்!"

கணவர் "ஆங்?" என்றுகூடக் கேட்கவில்லை. மறுகணம் நங்கூரத்தைத் தூக்கித் துடுப்பைப் பிடித்துவிட்டார். வலித்தார். படகு முன்னே போகாமல் பக்கவாட்டில் திரும்பியது. இன்னும் பலமாக வலித்தார். படகு வந்த வழியே மரத்தைப் பார்த்து நகர்ந்தது. அந்தப் பக்கம் மாமனார் இழுத்துக்கொண்டிருந்தார்.

"அவிழ்த்து விடு!"

அக்கா முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். நகம் போனதுதான் மிச்சம். அவள் போட்ட முடிச்சை யார் அவிழ்த்திருக்கிறார்கள், அவள் அவிழ்க்க? பெரிய பெரிய மழைத்துளிகள் விழ ஆரம்பித்தன. அக்கா கழுத்திலிருந்த நூல்வெட்டியைப் பிடித்தாள். ஆறு வருடம் ஒரு நொடி அவள் விரலில் நின்றது.

"போயிட்டு வாங்க மாமா" என்றாள். வெட்டினாள்.

படகு துள்ளி முன்னே பாய்ந்தது. ஆளுக்கொரு துடுப்பாக வலித்து, கரை தட்டி, படகைக் கட்டிவிட்டு, தலைதெறிக்க ஓடிக் காருக்குள் விழுந்து கதவைச் சாத்தினார்கள். கண்ணாடியை ஏற்றி, மூச்சு அடங்குவதற்குள் ஏரி முழுக்க வெள்ளையாகப் பளிச்சிட்டது. காரே குலுங்கும்படி இடித்தது. மழைத்திரைக்கு நடுவில் பார்த்தால், பட்டமரத்தின் பாதி தண்ணீரில் கிடந்தது.

கணவர் குல்லாயைக் கழற்றிவிட்டுக் கைக்குட்டையைத் தேடினார். அவசரமாகக் காதிலிருந்து எதையோ எடுத்துத் துடைத்தார். "தண்ணி பட்டா போச்சு" என்றார்.

அக்கா அதைப் பார்த்தாள். மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு மெஷின்.

"இது எப்போ?"

துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "வியாழக்கிழமை. படகுல வெச்சு சொல்லலாம்னு மறைச்சு எடுத்துட்டு வந்தேன். அதுக்குள்ள உன் மாமனார் வந்துட்டார்."

அக்காவுக்குக் கணக்கு மெதுவாகத்தான் வந்தது. "அப்போ... இடி?"

"கேட்டுச்சு."

"எத்தனை?"

"மூணும்."

அக்கா கொதித்துப் போனாள். "உங்களுக்கு அறிவு இருக்கா? இடிச்சா கரைக்குப் போகணும்னு ஊருக்கே பாடம் எடுக்கிற ஆளு! நீச்சலும் தெரியாது! வாயை மூடிட்டு உட்கார்ந்திருந்தீங்களா? அந்த மரத்தைப் பார்த்தீங்கள்ல?"

"பார்த்தேன்" என்றார். "நீ ரெண்டு இடியைச் சொல்லாம விட்டே."

மறைக்க ஒன்றுமில்லை. "விட்டேன்" என்றாள் அக்கா. "மீன் மேல ஆசை. தப்புதான். மூணாவதுக்கு மேல என்னால முடியல."

"நான் செஞ்சதும் தப்புதான். முதல் இடிக்கே கத்தணும்னு வாயைத் திறந்தேன். ஆனா நீ பாடிட்டிருந்தே."

"நானா?"

"வாய்க்குள்ள. மீனை இழுத்துக்கிட்டே. பழைய பாட்டு, கல்யாணமான புதுசுல மெஷின்ல உட்கார்ந்தா பாடுவியே, அது." அவர் கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஏழெட்டு வருஷமா கேக்கல. நீ நிறுத்திட்டேன்னு நினைச்சுட்டேன். என்கூட இருந்து இருந்து சலிச்சுப்போச்சு போலன்னு. கேக்கவும் கூச்சமா இருந்துச்சு. இன்னிக்குக் கேட்டதும், இடின்னு சொன்னா நீ நிறுத்திடுவேன்னு... சொல்ல வாய் வரல."

அக்கா ஒரு நாளும் நிறுத்தியதில்லை. துணி தைக்கும்போது, தட்டு கழுவும்போது, படகில் எதிரெதிரே உட்கார்ந்திருந்த அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் பாடிக்கொண்டுதான் இருந்தாள். இந்த மனிதர் ஏழெட்டு வருடம் அதை மனதில் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறாரே! அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் சிரிப்புதான் வென்றது. அவர் தோளில் இரண்டு அடி போட்டாள்.

"மூணு வருஷமா வாங்குங்க வாங்குங்கன்னு கத்தினேனே, அப்பவே வாங்கியிருந்தா?"

"ஆங்?" என்றார், வேண்டுமென்றே.

நாத்தனார் நினைப்பு அக்காவுக்கு ஒரு நிமிடம் வந்துபோனது. மீனும் இல்லை, அது மாட்டியதற்கு அத்தாட்சியும் இல்லை. சிரித்துவிட்டுப் போகட்டும், பாவம்.

தூரத்தில் எங்கோ உருண்டது. அக்காவுக்கு அது எட்டவே இல்லை. அவர்தான் விரலைத் தூக்கினார். "இடி" என்றார், பரிசு விழுந்தவரைப்போல. "இன்னும் அரைமணி நேரம் இங்கேயே இருக்கணும்."

அக்கா சீட்டில் சாய்ந்துகொண்டு பாட்டை முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். அரைமணி முடிவதற்குள் இன்னொன்று இடித்தது, கணக்கு மறுபடி முதலிலிருந்து. அன்றைக்கு அவர்கள் வீட்டுக்குக் கிளம்ப ஆறரை ஆயிற்று. இத்தனை இடிக்கும் பயந்தாங்கொள்ளி மனிதர் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை.