வராந்தாவில் இருந்த ஜம்பு மாமா

ஜம்புநாதன் எங்களுக்கு உறவு இல்லை. அப்பாவின் ஆபீஸும் இல்லை. 1955-இல் வலங்கைமானிலிருந்து யாரோ கொடுத்த கடிதத்தோடு டில்லியில் எங்கள் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். "ரூம் கிடைக்கற வரைக்கும்" என்று சொல்லி டிரங்குப் பெட்டியை வராந்தாவில் இறக்கினார். ரூம் கிடைக்கவில்லை, கொஞ்ச நாளில் தேடுவதையும் விட்டுவிட்டார். அறுபத்தொன்றில் நாங்கள் சரோஜினி நகருக்கு மாறியபோது அவருடைய கட்டிலும் எங்கள் சாமான்களோடு அதே லாரியில் ஏறியது. அப்போது யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

சரோஜினி நகரிலும் அவருக்கு வராந்தாதான். வெளிப்பக்கம் சிக் என்கிற மூங்கில் திரை தொங்கும், ஜனவரியில் அதன்மேல் ஒரு தார்ப்பாய். அவர் ஒரு மத்திய அமைச்சகத்தில் யு.டி.சி. குமாஸ்தா. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வீட்டுக்கு எந்தப் படிவம் வந்தாலும் நிரப்புவது அவர்தான். என் பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரிக்க எப்போது வருவார்களோ என்று மூன்று நாள் லீவு போட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பதினோராம் வகுப்பில் ஒருநாள், "மாமா, டிரான்சிஸ்டர் சத்தத்துல படிக்க முடியலை" என்று எரிந்து விழுந்தேன். அன்றிலிருந்து அதைக் காதோடு ஒட்டி வைத்துத்தான் கேட்பார். நான் இங்கே இங்கிலாந்தில் லீட்ஸுக்கு வந்த பிறகும் அப்படியேதான் கேட்கிறார் என்று அம்மா எழுதியிருந்தாள்.

எண்பத்து மூன்றில் அப்பா ரிடையர் ஆனார். அக்டோபர் முடிவுக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஜனக்புரியில் வாங்கியிருந்த டி.டி.ஏ. ஃபிளாட் இரண்டாவது மாடியில் இருந்தது. ஒரு அறை, அறை என்று சொல்லிக்கொள்ளக்கூடிய இன்னொன்று, ஒரு பால்கனி. நான் மூன்று வார லீவில் வந்தேன், கையில் ஒரு சாக்பீஸோடு. டிக் போட்டால் ஜனக்புரிக்கு. பெருக்கல் குறி போட்டால் பழைய சாமான் வாங்கும் கபாடிவாலாவுக்கு. வட்டம் போட்டால் யாருக்காவது கொடுக்க. மூன்று அங்கீட்டிக் கரியடுப்பு, பஞ்சு கட்டிப்போன ரஜாய்ப் போர்வைகள், மூடி இல்லாத ஊறுகாய் ஜாடிகள், எதையோ போட்டு வைக்கலாம் என்று சேர்த்த முப்பது டால்டா டப்பா. அம்மா ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொன்னாள். நான் கதை முடிவதற்குள் பெருக்கல் போட்டேன்.

"அடேயப்பா, ஆடிட் பார்ட்டி மாதிரி வந்திருக்கானே மன்னி!" என்று ஜம்பு மாமா சிரித்தார். "என் முதுகுல என்னடா போடப் போறே சேஷு? டிக்கா, வட்டமா?"

நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அளவு நாடா எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஜனக்புரிக்குப் போய் வந்தார். "பால்கனி ஆறடி நாலங்குலம். கட்டில் கச்சிதமா உக்காரும். ஒரு சிக் மட்டும் வாங்கிட்டாப் போறும்" என்றார். அம்மா, பால் பொங்குகிறது என்று உள்ளே போனாள். அடுப்பில் பாலே இல்லை.

மறுநாள் அவர் ஆபீஸ் போனதும் அம்மா என்னிடம் வந்தாள். "அங்கே எப்படிடா முடியும்? நாளைக்கு நீ குடும்பத்தோட வந்தா எங்கே படுப்பே? அப்பா வாயைத் திறக்க மாட்டார். எனக்கும் வரலை. நீ சொல்லிடேன். நீ பத்து நாள்ல போயிடுவே. நாங்கதான் அவர் மூஞ்சியைப் பார்த்துண்டு இருக்கணும்."

சரி என்றேன். என்ன சொல்வது என்று நாலு நாள் யோசித்தேன். முதலில் இங்கிலீஷில் வாக்கியம் அமைப்பேன், நன்றாகத்தான் இருக்கும். தமிழில் சொல்லிப் பார்த்தால் ஒரு மனுஷனை வெளியே போகச் சொல்கிற மாதிரியே இருக்கும்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் ரேஷன் ஆபீஸிலிருந்து படிவம் வாங்கி வந்தார். கார்டை ஜனக்புரிக்கு மாற்ற வேண்டும். பழைய கார்டில் நாலு பெயர்: அப்பா, அம்மா, நான், அப்புறம் ஜம்புநாதன். அவர் பெயருக்கு எதிரே, உறவு என்ற இடத்தில், 'தம்பி' என்று அப்பா எப்போதோ எழுதிக் கொடுத்திருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தார் ஜம்பு மாமா. அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்தார். சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது.

"அண்ணா பேர் ஆச்சு. மன்னி பேர் ஆச்சு. நீ ஃபாரின்காரன், உன்னைத் தூக்கியாச்சு. மூணாவது…"

"ரெண்டு பேர் போதும் மாமா" என்றேன்.

நாலு நாள் யோசித்ததில் ஒரு வார்த்தைகூட இதில் இல்லை. பேனா ஒரே ஒரு எழுத்து எழுதியிருந்தது. அவர் பேனாவை மூடினார்.

"அச்சா" என்றார். "அடிச்சுத் திருத்தினா வாங்க மாட்டான். வேற ஃபாரம்தான் வாங்கணும்."

"மாமா, நான் சொல்ல வந்தது என்னன்னா…"

"புரிஞ்சுடுத்துடா. இருபத்தெட்டு வருஷமா ஃபைல் பார்க்கறேன். இதைப் படிக்கத் தெரியாதா?" படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "குழாயைத் திறந்துக்கோங்கோ மன்னி. பேசி ஆச்சு."

மறுநாள் அரைநாள் லீவு போட்டு வரிசையில் நின்று வேறு படிவம் வாங்கி வந்தார். அதில் இரண்டு பெயர் எழுதினார். தன் பெயரை நீக்கச் சொல்லி ஒரு மனுவும் அவரே எழுதி, அப்பாவிடம் கையெழுத்துக்கு நீட்டினார். அப்பா எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. அதைப் படிக்காமல் போட்டார்.

எங்களுக்குச் சாமான் ஒழிக்க மூன்று வாரமும் போதவில்லை. அவர் ஞாயிறு காலையில் முக்கால் மணி நேரத்தில் ஒழித்துவிட்டார். டிரங்குப் பெட்டி, படுக்கை, டிரான்சிஸ்டர், குளிர்கோட்டு. கரோல் பாக்கில் ஒரு மெஸ்ஸின் மாடியில் மூன்று பேருக்கு ஓர் அறையாம்.

"கட்டில்?" என்றேன்.

"மெஸ்லயே போட்டிருக்கான். இதைக் கபாடிக்காரனுக்குக் குடுத்துடு. இரும்பு, நல்ல கனம்."

அம்மா ஒரு பாட்டில் நெல்லிக்காய் ஊறுகாய் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார். அப்பா ஆட்டோ வரைக்கும் போய், "அப்பப்போ வாடா" என்றார்.

"வராம எங்கே போறேன் அண்ணா?"

ஆட்டோ மார்க்கெட் பக்கம் திரும்பியதும் அம்மா வராந்தாவைப் பெருக்கினாள். பெருக்கி முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "கொஞ்சம் பக்குவமாச் சொல்லியிருக்கலாமேடா" என்றாள்.

நான் கிளம்புகிற அன்று ஜம்பு மாமா வந்து என் பெட்டிக்குக் கயிறு கட்டிக் கொடுத்தார். கடிதம் போட விலாசம் கேட்டேன்.

"மெஸ் இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. ஆபீஸ் விலாசத்துக்கே போடு."

அஞ்சு வருஷம் அப்படித்தான் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது: டில்லி வெயில், அப்பாவின் ரத்த அழுத்தம், கிரிக்கெட். அந்த வியாழக்கிழமையைப் பற்றி ஒரு வரி இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு ஜனக்புரிக்குப் போவார், சாயங்காலக் காபியோடு கிளம்பிவிடுவார் என்று அம்மா எழுதுவாள். இருட்டின பிறகு அவர் அங்கே இருந்ததே இல்லையாம்.

போன டிசம்பரில் அவரும் ரிடையர் ஆனார். ஜனவரியில் ஆபீஸுக்குப் போட்ட கடிதம் இங்கேயே திரும்பி வந்தது. அவர் எங்கே தங்கியிருக்கிறார், ஊருக்குப் போகிறாரா, யாராவது இருக்கிறார்களா என்று கேட்டு அம்மாவுக்கு எழுதினேன். நேற்று பதில் வந்தது.

"முதல் ஞாயிறு வரத்தான் வரார். இளைச்சிருக்கார். எங்கே இருக்கேள்னு கேக்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வரது. கேட்டா, அவர் பதில் சொல்லிட்டா, இங்கேயே வந்து இருங்கோன்னு சொல்லணுமே. அதான் கேக்கலை. நீ எழுதிக் கேளு."

எந்த விலாசத்துக்கு என்று அம்மா எழுதவில்லை. நானும் பதிலில் அப்பாவுக்கு ரத்த அழுத்த மருந்து வாங்கியாச்சா என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.