கிருத்திகையில் பூக்கட்டிப் பார்த்தது

அடியார்களே, தணிகை முருகன் என் வீட்டுக்குச் செய்ததை நடந்தது நடந்தபடியே எழுதுகிறேன்.

போன ஆண்டு ஆனி பிறந்த சமயம் நீட் முடிவு வந்தது. என் ஒரே மகள் லாவண்யாவுக்கு அது இரண்டாவது முயற்சி. முதல்முறையைவிட மதிப்பெண் கூடியிருந்தது. மருத்துவ இடத்துக்குப் போதாது. செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

இன்னொரு வருடம் படிக்கட்டும் என்றேன் நான். என் மனைவி சரளா இன்ஜினியரிங் என்றாள். "புள்ள ரூமுக்குள்ளயே கெடந்து வெளுத்துப் போச்சி. இன்னும் ஒரு வருசமா? நீங்களே போய் எழுதுங்க அந்தப் பரிச்சைய!"

பொதட்டூர்பேட்டையிலிருந்து என் தங்கை தினமும் போன் செய்வாள். "இன்னாண்ணா முடிவு பண்ணீங்க?" பதில் சொல்லி அலுத்துப்போனேன். கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் கெடு நெருங்கியது. விட்டால் இந்த வருடமும் போச்சு. நான் நிறையப் படிப்பவன். அந்த வாரம் ஒரு பக்கம்கூட ஓடவில்லை. "முருகா, நீயே வழி சொல்லு." வேறு பிரார்த்தனை எனக்கு வரவில்லை.

ஆனிக் கிருத்திகையன்று மூவரும் மலையேறினோம். பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவு. வெள்ளைப்பூ வந்தால் மறுபடி நீட், சிவப்பு வந்தால் இன்ஜினியரிங். கேள்வி தெரியாதவர்தான் பொட்டலத்தை எடுக்க வேண்டும் என்பது வழக்கம். அதனால் லாவண்யாவிடம் நாங்கள் மூச்சு விடவில்லை.

சன்னிதியில் வைத்து வாங்கிய பொட்டலங்களோடு பிராகாரத்தில் உட்கார்ந்தோம். "எடும்மா" என்று நீட்டினேன்.

"இன்னாத்துக்கு நைனா இது?"

"சாமிய வேண்டிக்கினு எடுடி. கேள்வி கேக்காத" என்றாள் சரளா.

"என் படிப்பப் பத்தியா?"

மறைக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. "ஆங்" என்றேன். எந்தப் பூவுக்கு எது என்பதையும் சொல்லிவிட்டேன்.

அவள் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். "நான் நெனச்சிக்கினு இருக்கிறது ரெண்டுலயும் இல்லியே நைனா."

"பின்ன எது?"

"பிசியோதெரபி. பக்கவாதம் வந்து பொதட்டூர்பேட்ட அத்தை நம்ம வூட்ல இருந்தாங்களே, நான்தானே அவங்க கைய தினம் மடக்கி நீட்டி வுட்டேன்? கடைசில டம்ளர் புடிச்சாங்க இல்ல? அதுக்கு ப்ளஸ் டூ மார்க்கே போதும்."

"இத்தினி நாளு வாயில கொழுக்கட்டையாடி வெச்சிருந்த?" என்றாள் சரளா. கண் கலங்கியிருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கினே இருந்தா நான் எப்பம்மா சொல்றது?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பொட்டலங்களைப் பிரிக்காமலே கோயில் பூக்குவியலில் சேர்த்தேன். மறுநாளே விண்ணப்பித்தோம். கலந்தாய்வில் அவள் கேட்ட படிப்பே கிடைத்தது. இப்போது விடியற்காலை ரயிலில் கல்லூரிக்குப் போய்வருகிறாள்.

அலுப்பு முழுதாகத் தீர்ந்தது என்று சொல்லமாட்டேன். "டாக்டருக்குக் கெடைக்கலியா?" என்று இன்றும் கேட்கிறார்கள். ஆனால் எங்கள் வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுகிறோம், பேசுகிறோம். அன்று மகள் வாயால் பேசியது முருகன்தான் என்று நம்புகிறேன்.

உங்கள் வீட்டிலும் மதிப்பெண் வந்திருக்கலாம். அவனிடம் கேளுங்கள், பதில் சொல்லாமல் விடமாட்டான். கேட்டுவிட்டு, பிள்ளையைக் கொஞ்சம் பேச விடுங்கள்.