துரைக்கு என்ன பயம்

மலாயாவுக்கு ஜப்பான்காரன் வருவதற்குப் பதினைந்து வருஷம் முந்தி. எனக்கு எட்டு வயது. சுங்காய்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் அப்பா காய்ச்சலில் இறந்த பிறகு, அம்மா ஈப்போவில் ஒரு துரை வீட்டில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். அவர் கடிகாரக் கடை வைத்திருந்தார். யூதர். அது பின்னால் தெரிந்தது. எங்களுக்கு வெள்ளைத் தோல் என்றால் துரைதான்.

அவருக்கு ஒரே மகள், என் வயது. முந்தைய ஆயாவிடம் வளர்ந்தவள். என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவாள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. சில நாள் துரை கடையிலிருந்து வந்ததும் கையைத் தட்டுவார். மகள் ஓடிப்போய்த் துணி அலமாரிக்குள் ஒளிந்துகொள்வாள். பேர் சொல்லிக் கூப்பிடுவார்; வரமாட்டாள். மிட்டாய் என்பார்; வரமாட்டாள். கீழே விழுந்தவர் மாதிரி முனகுவார், அப்போதும் வரமாட்டாள். கடைசியில் அவர்கள் பாஷையில் ஒரு சொல் சொல்வார். அதற்குத்தான் கதவு திறக்கும். கேட்டுக் கேட்டு அது எனக்கும் மனப்பாடம்.

"எதுக்குடி ஒளியறே?" என்று கேட்டேன்.

"ஆளுங்க அடிக்க வருவாங்களாம். அப்பாவுக்கு அவங்கம்மா சொல்லிக் குடுத்தது. நான் என் புள்ளைக்குச் சொல்லிக் குடுக்கணும்."

அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். "தொரைய யாருடி அடிப்பா? தொரைக்கே பயம்னா நாமெல்லாம் எந்தப் பொந்துல போயி ஒளியறதுலா?"

தோட்டத்தில் துரை வந்தால் நாங்கள்தான் ஒளிவோம். அதனால் நானும் சிரித்தேன்.

ஒரு நாள் துரை கையைத் தட்டினார். அவர் கூப்பிடுவதற்கு முன்னே நான் அலமாரியிடம் போய், குரலைத் தடிப்பாக்கி அந்தச் சொல்லைச் சொன்னேன். கதவு திறந்தது. என்னைப் பார்த்ததும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

துரை சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இவதானேப்பா, வேற யாரு?" என்றாள் மகள்.

"தெரிஞ்சவங்கதான் கூப்பிடுவாங்க," என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "அந்தச் சொல்லு போச்சு, ஆயா. ஹாபிஸ், முடிஞ்சது."

அவர் என்னைத் திட்டவில்லை. அம்மாதான் அடித்தாள்.

அன்று அடுப்படியில் அவர் சொன்னதை, எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் அம்மா சொன்னாள். அவர் ஊரில் யூதர் வீடுகளைக் கதவை உடைத்துப் புகுந்து வெட்டினார்களாம். அவரும் அவர் அக்காவும் மாவுப் பெட்டிக்குள் ஒளிந்திருந்தார்களாம். தினம் பால் ஊற்றும் பக்கத்து வீட்டுக்காரி அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாளாம். அக்கா எழுந்து போனாள். திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவர் அம்மா உண்டாக்கிய சொல் அது.

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

"எட்டு வயசுப் புள்ளகிட்டயா?" என்றாள்.

அவர் தன் எட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்லியிருந்தார்.

நான் அடி வாங்கிய மறுநாள், கொல்லையில் நின்று அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். சன்னலுக்குப் பின்னால் அவள் கவுன் தெரிந்தது. வரவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். காய் விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். இரண்டு விரலை நீட்டி, "பழம், பழம்" என்று கத்திக்கொண்டு வெயில் ஏறும்வரை நின்றேன். அவளுக்கு என்மேல் கோபமே இல்லை என்பது எனக்குத் தெரியாது.