அப்பாவுக்கு அடுத்த இடம்

பதினைந்து வயதில் நான் எப்படிப்பட்ட பெண் என்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். சாதுவான பெண் என்று நான் சொல்ல வேண்டுமாம். சொல்ல மாட்டேன். கண்ணில் பட்டவர்கள் மேலெல்லாம் எனக்குக் கோபம் வரும், அதில் பாதிக் கோபம் நியாயமானது.

அப்பாவுக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் மண்டியில் வேலை. ஆவாரம்பட்டைத் தண்ணீர் நிரம்பிய தொட்டிக்குள் இறங்கித் தோலைப் புரட்டிப் போடுவார். முழங்கை வரைக்கும் செம்பழுப்பு ஏறியிருக்கும், எந்தச் சோப்புக்கும் போகாது. பள்ளிக்கூடத்தில் அவருக்கு ரயிலடியில் வேலை என்று சொல்லி வைத்திருந்தேன். உண்மை தெரிந்த ஒருத்தி, "தோல்காரன் மகளே" என்று கூப்பிட்டாள். அவள் மணிக்கட்டை ரத்தம் வரக் கடித்துவிட்டேன். ஏன் கடித்தாய் என்று வாத்தியாரம்மா கேட்டபோது, எங்கள் அப்பாவைக் கேவலமாகப் பேசினாள் என்றேன். அன்று சாயங்காலமே, எதிரே வந்த அப்பாவை யாரோ எவரோ என்பதுபோலத் தாண்டிப் போனேன்.

அம்மா இல்லாத வீடு. எனக்கிருந்த ஒரே ஆசை, வேலூரில் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் சேர்வது. எங்கள் திருச்சபையிலிருந்து ஒரு பெண்ணைத்தான் எடுப்பார்கள். போதகர் யாரைக் கைகாட்டுகிறாரோ அவளுக்குத்தான் இடம். அந்த வருஷம் போட்டியில் இருந்தது நானும், கோயிலில் போதகருக்கு உதவியாக இருந்த உபதேசியாரின் மகளும். படிப்பில் அவள் எனக்குக் கால் தூசி பெறமாட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்குத் திடப்படுத்தல் ஆராதனை வந்தது. அன்றுதான் முதன்முதலாகத் திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் வாங்குவோம். பெற்றவர்களோடு பீடத்தின் முன் வரிசையாக மண்டியிட வேண்டும். எல்லோருக்கும் ஒரே கிண்ணம், வாய்க்கு வாய் மாறிப் போகும். முந்தின நாளே அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

"நைனா, நாளைக்கு நீ வராத. உன் கையப் பாத்தா என் மானமே பூடும்."

சரி என்று தலையாட்டினார்.

ஆனால் வந்துவிட்டார். தோய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் மண்டியிட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் உபதேசியார் குனிந்து அவர் தோளைத் தட்டினார்.

"எழுந்து கடைசிக்குப் போப்பா. நீ வாய் வச்சதுக்கப்புறம் மத்தவங்க எப்படிக் குடிப்பாங்க?"

அப்பா எழுந்து கடைசிக்குப் போனார். வந்துவிட்டாரே என்ற கோபம் போதாதென்று, வாயைத் திறக்காமல் போகிறாரே என்றும் கோபம் வந்தது. உபதேசியாரை அங்கேயே குதறியிருப்பேன். போதகர் கிண்ணத்தோடு என் முன்னால் வந்து நின்றார். நான் எழுந்தேன். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, வரிசையின் கடைசிக்கு நடந்துபோய் அப்பாவுக்கு அடுத்து மண்டியிட்டேன். அவர் குடித்த அதே விளிம்பில் வாய் வைத்துக் குடித்தேன். போதகரின் முகம் கறுத்துப்போயிற்று.

அந்த வாரமே உபதேசியார் மகள் வேலூருக்கு ரயிலேறினாள். அகம்பாவம் பிடித்தவள் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுக்கப்போகிறாள் என்று போதகர் கேட்டாராம். பெற்ற அப்பாவுக்கு அடுத்து ஒருத்தி வாய் வைத்துக் குடித்தால் அகம்பாவம், அவரைப் பீடத்திலிருந்து எழுப்பி விரட்டினால் மட்டும் பக்தி! இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஆனால் நான் போய்க் கத்தியது போதகரிடம் இல்லை. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் முன்னால் போய் நின்றேன்.

"உன்னாலதான் என் படிப்பு போச்சு! வராதன்னு சொன்னேன் இல்ல? ஏன் வந்த?"

அப்பா சோற்றுக் கையை உதறினார். அவருக்கும் கோபம் வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"வராதன்னு சொன்னவளும் நீதான். அத்தினி பேர் பாக்க என் பக்கத்துல வந்து முட்டி போட்டவளும் நீதான். இன்னா பண்ணச் சொல்ற என்ன? இதுல எவ பேச்ச நான் கேக்கறது?"