மூன்று கிலோமீட்டரும் ஒரு கொக்கியும்

காலை 5.10. ஸ்ரீரங்கத்து வீட்டு வாசலில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, காட்டுப் பாதையில் ஜீப்பை ஏற்றிப் பார்க்கக் கிளம்பினேன். போன வருஷம் பச்சமலைக் காட்டிலிருந்து இதே ஜீப்பை ஒரு டிராக்டர்தான் கயிறு கட்டி இழுத்து வந்தது. “இந்தத் தடவையும் கயிறு கட்டினா வண்டிய வித்துடணும்” என்று சொல்லியிருந்தாள் என் மனைவி கோமதி. வீம்புக்குச் சரி என்றுவிட்டேன்.

காலை 5.30. சத்திரம் பேருந்து நிலையத்தில் நண்பர் பஷீர் பாய் ஏறிக்கொண்டார். மலைக்கோட்டைப் பக்கம் துணிக்கடை வைத்திருக்கிறார். அதற்கு முன் எட்டு வருஷம் வளைகுடாவில் டிரைவர். வெளியூர் போவதென்றால் டயரைக் கல் மாதிரி வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் நாற்பது ரூபாய் கொடுத்து நான்கிலும் காற்றடித்துக்கொண்டேன்.

துறையூர் வழியாக எண்பது கிலோமீட்டர் சொச்சம். 8.15க்குப் பச்சமலைக் காட்டுப் பாதையின் வாயிலில் அனுமதிச் சீட்டைக் காட்டினோம். உள்ளே மூன்றே கிலோமீட்டர்தான். நடந்தால் முக்கால் மணி நேரம். ஓட்டினால் எவ்வளவு ஆகும் என்று காவலர் சொல்லவில்லை, சிரித்தார். முதலில் வேர்கள், பிறகு ஓடை, முழங்கால் ஆழச் சேறு. ஃபோர் வீல் போட்டு முதல் கியரில் ஊர்ந்தேன்.

9.50. போன வருஷம் என் மானத்தை வாங்கிய பாறைச் சரிவு வந்தது. பாதி ஏறியதும் சக்கரம் வழுக்கி வண்டி பின்னால் சறுக்கியது. இரண்டாம் முறையும் அதேதான். மூன்றாம் முறை கிளட்ச் கருகும் வாடை வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆத்திரத்தில் வந்த அழுகை.

“அண்ணே, இறங்குங்க” என்ற பாய், டயரை ஓர் உதை உதைத்தார். “யா அல்லா! எவ்வளவு காத்து வச்சிருக்கீங்க?”

“முப்பத்தஞ்சு.”

“ரோட்டுக்கு அது சரி. இங்க பாதியா இறக்குங்க, டயர் பரந்து பிடிக்கும். மணல்ல நாங்க அப்படித்தான் ஓட்டுவோம்.”

நாற்பது ரூபாய்க் காற்றில் பாதியைக் காட்டுக்கே விட்டேன். பாய் மேலே ஏறி நின்று கை காட்டினார். “லெஃப்ட்ல ஒடிங்க... மெதுவா... விடாதீங்கண்ணே!” விடவில்லை. டயர் பிதுங்கிப் பாறையைக் கவ்வியது. கடைசிக் கல்லில் ஒரு கணம் தயங்கிவிட்டு வண்டி மேலே ஏறியது. மணி 10.40. பாயைக் கட்டிக்கொண்டேன்.

காட்டை விட்டு வெளியே வந்ததும் அவருடைய பேட்டரி பம்பில் மறுபடி காற்றடித்துக்கொண்டு ஊர் திரும்பினோம். மாலை நான்கு மணிக்கு எங்கள் தெருவில் வண்டியைத் திருப்ப ஆறு முறை முன்னும் பின்னும் போக வேண்டியிருந்தது. அதற்குப் பாறையே தேவலாம்.

கோமதி வாசலுக்கு வந்தாள். குனிந்து, பம்பரில் கயிறு மாட்டும் கொக்கியைப் பார்த்தாள். ஓடைச் சேறு அதன் மேல் அப்படியே காய்ந்து மூடியிருந்தது. விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“கயிறு படலை. வண்டி இருக்கட்டும்.”