கிளட்ச் அக்காவின் மார்பில் வெள்ளைப் புள்ளிகள்

பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். பக்கத்து இருக்கையிலிருந்து "கிளட்ச்! கிளட்ச்!" என்று போடும் கூச்சலில் எல்லோருக்கும் அவள் கிளட்ச் அக்கா ஆனாள்.

அவளுடைய மார்பக எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. துணைக்கு வந்திருந்த ஓரகத்தி, மருத்துவர் பேசி முடிப்பதற்குள் வெளியே போய்த் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுவிட்டாள். "அக்காவுக்குப் புத்துநோயாம். வண்டியில மயங்கி விழுந்தா யாரு பொறுப்பு?"

மருத்துவர் சொன்னதே வேறு. "கால்சியம் படிவும்மா. நீங்க குடிக்கிற பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. பெரும்பாலும் தீங்கில்லாததுதான். ஆனா உங்களுக்குப் பொடிப்பொடியா ஒரே இடத்துல கூடியிருக்கு. ஊசியால கொஞ்சம் சதை எடுத்துப் பாத்துடலாம்."

பார்த்தார்கள், புற்று இல்லை. ஆனால் அதற்குள் கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். கிளட்ச் அக்கா சண்டைக்குப் போகவில்லை. கறுவிக்கொண்டு காத்திருந்தாள்.

மறுவருடம் ஓரகத்தியின் படத்திலும் புள்ளிகள். மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று வரச் சொல்லியிருந்தார்கள். "கையும் ஓடல, காலும் ஓடலக்கா. கூட வாங்களேன்."

"ஏறு."

பாதி வழியில் காரை ஓரங்கட்டிச் சாவியை உருவினாள். "போனை எடு. யார் யார்கிட்ட என்னைப் பத்திச் சொன்னியோ, அவங்ககிட்ட எல்லாம் அது பொய்னு சொல்லு. ஸ்பீக்கர்ல போடு."

"நேரமாகுதுக்கா!"

"எனக்கு ஆகல."

அழுதாள், கெஞ்சினாள். சாவி அசையவில்லை. கடைசியில் ஒவ்வொருவராக அழைத்தாள். "அடிப்பாவி, நாக்கா அது?" என்று ஒருத்தி கத்தியபோது கிளட்ச் அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

மீண்டும் கிளம்பியதும் ஓரகத்தி தேம்பினாள். "நான் பொழச்சுக்குவேனாக்கா?"

பெரும்பாலும் தீங்கில்லை என்பது நுனிநாக்குவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். "டாக்டர் சொல்லுவாரு. இந்தத் தடவையாவது முழுசா கேளு."

ஓரகத்திக்கு இருந்தவை பெரிய, சிதறலான, பழைய படிவுகள். ஊசிகூட வேண்டாம் என்று மருத்துவர் அனுப்பிவிட்டார்.

வாசலில் அவள் கேட்டாள். "பெரும்பாலும் ஒண்ணுமில்லன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"பாவி! வாய் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீ வாய் தொறந்ததே ரெண்டு பேருக்கும் போதும்னு விட்டுட்டேன். அதோ, பஸ் வருது. ஏறிப் போ."

நழுவிப் போனவர்களில் இரண்டு பேர்தான் திரும்பி வந்தார்கள். ஓரகத்தியிடம் அதன்பிறகு பேச்சுவார்த்தை இல்லை. அதில் கிளட்ச் அக்காவுக்குத் துளி வருத்தமும் இல்லை.