எங்கடை ஆள்

டொக்டர் பிளோறன்ஸைப் படிப்பித்தது அவருடைய அண்ணன் மரியரட்ணம். பீலெஃபெல்டில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிப் படிப்பித்தார். அந்த மனிதருடைய ஜெர்மன் சமையலறையைத் தாண்டாது. தங்கச்சியோ அதே மொழியில் மருத்துவம் படித்து, பான் நகரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து, 2002 முதல் மலாவியில் எச்.ஐ.வி. திட்டம் நடத்தினார்.

அங்கே பிளோறன்ஸ் போட்ட விதி ஒன்றே ஒன்று: ஊர் ஆளோடு ஊர் ஆளே பேச வேண்டும். பரிசோதனைக்கு அழைப்பவர், முடிவைச் சொல்பவர், மாத்திரை கொடுப்பவர் எல்லோரும் அதே கிராமத்தவர். சனம் கூட்டம் கூட்டமாக வந்தது. வராமல் செத்தவர்களும் இருந்தார்கள். அவர்களை அலட்சியக்காரர்கள் என்று தள்ளிவிட்டார். தன் விதியில் அவ்வளவு பிடிவாதம்.

2007இல், அண்ணனுக்கு வருத்தம் கடுமை, தப்புவது கஷ்டம் என்று தொலைபேசி வந்தது. பறந்து வந்து பார்த்தால் கட்டிலில் எலும்பும் தோலும் கிடந்தது. எச்.ஐ.வி. இரண்டு வருடத்துக்கு முன்பே தெரிந்ததாம். முடிவைக் கேட்டுக்கொண்டு போனவர் திரும்பவே இல்லையாம். மலாவியில் நாள் முழுக்க நடந்து வந்து வாங்கும் மருந்து, இங்கே தெருமுனையில் கிடைக்கிறது. பிளோறன்ஸுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

"ஏன் அண்ணை திரும்பிப் போகேல்லை?"

"போனனான். ஆஸ்பத்திரியிலை மொழிபெயர்க்க எண்டு எங்கடை கோயில் கிறிஸ்தோப்பரைக் கூப்பிட்டு வைச்சிருந்தவங்கள். ஒவ்வொரு பூசையிலையும் எனக்குப் பக்கத்திலை நிக்கிறவன். வாசலிலை அவனைக் கண்டிட்டுத் திரும்பி வந்திட்டன்."

"எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம்தானே? நான் இந்த வருத்தத்துக்கெல்லே டொக்டர்."

"நீயும் எங்கடை ஆள்தானே, தங்கச்சி. முன்பின் தெரியாத ஆரும் கேட்டிருந்தா சொல்லியிருப்பன்."

ஆஸ்பத்திரிக்காரர் மீது பழிபோட வழியில்லை. அந்த இடத்தில் பிளோறன்ஸ் இருந்திருந்தாலும் ஒரு தமிழரைத்தான் தேடிப் பிடித்திருப்பார். மலாவியில் எத்தனை பேர் இப்படி வாசல்வரை வந்து, தெரிந்த முகத்தைக் கண்டு திரும்பினார்களோ! மருந்துக்குக் காலம் கடந்துவிட்டது. அந்தக் கிழமையே மரியரட்ணம் போய்விட்டார்.

அடுத்த மாதம் பானில் கூட்டம். பிளோறன்ஸின் விதியை மலாவியில் இன்னும் மூன்று மாவட்டங்களுக்கு விரிப்பதென்று எல்லோரும் தலையாட்டினார்கள். பிளோறன்ஸ் எழுந்தார். வெளியூர் ஆட்களும் கட்டாயம் வேண்டும், சொந்த சனத்துக்குப் பயந்தே சாகிறவர்கள் இருக்கிறார்கள் என்றார்.

"யாரைச் சொல்கிறீர்கள்?" என்று தலைவர் கேட்டார்.

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் பல வருடம் கூட வேலை செய்தவர்கள்.

"ஒரு நோயாளி," என்றார் பிளோறன்ஸ்.